பானுவின் அப்பா குடிப்பதில்லை

மாயகிருஷ்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பீடி, வெற்றிலை என்று எதுவும் கிடையாது. கோயில் கொடை வந்தால் ஊரில் பாதிப் பேர் கால் தரையில் பாவாமல் திரிவார்கள். அவர் மட்டும் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருப்பார். கடம்பூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்தால், “நம்ம மாயகிருஷ்ணன் மாதிரி” என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், ஆடுகளைக் கிடையில் அடைத்துவிட்டு வந்து, தன் மகளிடம் சொன்னார்: “பேசாம நான் குடிகாரன்னு எழுதிக்கோ தாயி.”

மகள் பானு கோவில்பட்டியில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. பள்ளியிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது, புதிதாக மறுபடி கட்டிய கோட்டையைச் சுற்றிக் காட்டியவரிடம், “வெள்ளைக்காரன் இடிச்சுத் தரமட்டமாக்கிட்டான்னு சொல்லுதீங்க. அப்ப இந்த ஜன்னல் இங்கனதான் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? அரண்மனைப் பொம்பளைங்க எங்கன சமைச்சாங்க?” என்று கேட்டு, பின்னால் வந்த பிள்ளைகளையெல்லாம் நிற்க வைத்துவிட்டாள். டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டாள். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த மாயகிருஷ்ணன், “தெரியலியே தாயி” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு வரலாறு படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதுவும் டெல்லிக்குப் பக்கத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாடு முழுக்க இருந்து மனுப் போடுவார்கள், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் எடுப்பார்கள். ஆனால் எடுத்துவிட்டால், வசதியில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹரிஹரசுதன் என்கிற பையன், இப்படி மனுப் போடுகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனிலேயே உதவி செய்துவந்தான். பானுவுக்கும் அவன்தான் வழிகாட்டி.

மனுவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். வாழ்க்கையில் நீ சந்தித்த பெரிய சோதனை எது, அதை எப்படித் தாண்டி வந்தாய்? இதுதான் கேள்வி. பானு எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அன்று சாயங்காலம் ஹரிஹரசுதன் பேசியபோது போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மாயகிருஷ்ணன் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே பானு. ஆனா அழுத்தம் பத்தலை. படிக்கிறவங்க மனசுல ஒட்டணும். வீட்ல ஏதாவது கஷ்டம் இருக்கா? அப்பா குடிப்பாரா?”

“இல்லண்ணா.”

“அடிப்பாரா?”

“இல்லண்ணா.”

“படிக்கக் கூடாதுன்னு சொல்லுவாரா?”

“இல்லண்ணா. அவியதான் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடுவாவ.”

“சரி, யோசிச்சு வை” என்று ஹரிஹரசுதன் சொன்ன விதத்தில் ஒரு ஏமாற்றம் இருந்தது. அது மாயகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் காலெடுத்து வைக்கிற இடத்தில் தான் குறுக்கே நிற்கிற மாதிரி இருந்தது. குடிக்காமல் இருந்து குறுக்கே நிற்க முடியும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

அவரால் ஆனமட்டும் சோதனைகளைத் தேடிப் பார்த்தார்.

“மழையே இல்லாம ஆடெல்லாம் எலும்பும் தோலுமாப் போச்சே, அத எழுதேன்.”

“அப்ப நான் பெறக்கவே இல்லப்பா.”

“கிணத்துல விழுந்தல்லா?”

“அது தண்ணியில்லாத கிணறு. முட்டியில சிராய்ப்பு. சோலைராஜ் சித்தப்பா சிரிச்சுக்கிட்டே தூக்கிவிட்டாவ.”

“அம்மை போட்டுச்சே?”

“எல்லாத்துக்கும்தான் போடும்.”

யோசித்து யோசித்துத்தான் கடைசியில், தன்னைக் குடிகாரன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பானு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நெசமாவா சொல்லுதீய?”

“டெல்லிக்காரன் இங்கன வந்து என் வாய மோந்தா பாக்கப் போறான்? எழுதிக்கோ. அம்மாட்ட மட்டும் மூச்சு விட்ராத.”

அவள் இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். அதில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் அவருக்குப் பெருமையாகவே இருந்தது. பிறகு லேசாக அரிக்க ஆரம்பித்தது. ரயில் பாதை ஓரத்து மக்காச்சோளத் தட்டையில் ஆடுகளை மேயவிட்டு நிற்கும்போது வடக்கே போகிற வண்டி கடந்தால், அந்த வண்டி போய்ச் சேரும் ஊரில் நம்மைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு நாலு பேர் இருப்பார்களே என்று தோன்றும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

தை பிறந்ததும் போன் வந்தது. முதல் சுற்றில் பானு தேறியிருந்தாள். அவள் குதித்த குதியில் முற்றத்துக் கோழிகள் கூரையேறின. அடுத்து போனிலேயே நேர்முகம் இருக்கும் என்றார்கள். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் நேரில் வீட்டுக்கு வந்து, பெற்றவர்களோடு பேசிவிட்டுப் போவார். உதவித்தொகை கேட்கிற எல்லார் வீட்டுக்கும் அப்படி வருவார்களாம்.

“எப்ப?” என்றார் மாயகிருஷ்ணன்.

“சனிக்கிழமைப்பா.” பானுவின் முகத்தில் இப்போது குதியெல்லாம் வடிந்திருந்தது. “இப்ப என்னப்பா செய்ய?”

“நீ படிக்கிற சோலியப் பாரு. நான் பாத்துக்கிடுதேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கடம்பூர் போனார். மதுக்கடை வரிசையில் நின்றபோது உடம்பெல்லாம் கூசியது. துண்டைத் தலையில் போட்டுக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முறை வந்தது.

“என்ன வேணும்?”

“ஒரு குவாட்டர்.”

“எதுல?”

அது அவருக்குத் தெரியவில்லை. “நல்லா வாசம் அடிக்கிறதாப் பாத்து ஒண்ணு குடுங்க” என்றார்.

கடைக்காரர் தலையைக் குனிந்து கம்பிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை நீட்டினார். காசைக் கொடுத்து அதை மடியில் செருகியதும் தோளில் ஒரு கை விழுந்தது. பக்கத்து வீட்டுச் சோலைராஜ். அன்றாடம் அந்தக் கடைக்கு வந்துபோகிறவன்.

“அண்ணாச்சி? நீங்களா?” அவன் குரல் உடைந்துவிட்டது. “வீட்ல என்ன அண்ணாச்சி? மதினிக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லடே. சும்மா.”

“சும்மாவா? சும்மான்னுதான் அண்ணாச்சி நானும் ஆரம்பிச்சேன்.” சோலைராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டி வந்தான். குடும்பம் கெடும், குடல் வெந்துபோகும், பொம்பளைப் பிள்ளை வைத்திருக்கிறீர்கள் என்று நடுரோட்டில் நின்று அழாக்குறையாகச் சொன்னான். அன்றைக்கு அவன் தனக்கு வாங்கக் கூட மறந்துபோனான். மாயகிருஷ்ணனால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, அவன் கையை உதறவும் முடியவில்லை. மடியில் பாட்டில் உறுத்திக்கொண்டிருந்தது.

அவர் வீடு சேர்வதற்குள் சோலைராஜ் பைக்கில் முந்திப் போய் அவர் மனைவி முத்துத்தாயிடம், “மதினி, அண்ணாச்சி கெட்டுப்போயிட்டாவ” என்று சொல்லிவிட்டான். வாசலில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். மாயகிருஷ்ணன் மடியிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடி கழற்றப்படவில்லை என்பதைக் காட்டினார். பானு ஓடிவந்து நடுவில் நின்றாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி விஷயத்தைச் சொல்லி முடித்தார்கள்.

முத்துத்தாய் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “எம் புருஷன் குடிகாரன்னு ஊரான் வீட்டுத் தாள்ல எழுதினியா நீ?” என்றாள் மகளைப் பார்த்து. புருஷனைப் பார்த்து, “இவ கேட்டாளா, நீங்களாச் சொன்னீங்களா?” என்றாள்.

“நாந்தான் சொன்னேன்.”

“நல்லாருக்கு. நாளைக்கு வாரவிய வரட்டும். நான் அடுப்படிய விட்டு எட்டிப் பாக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க மகளாச்சு.”

சனிக்கிழமை காலை மாயகிருஷ்ணன் ஒரு பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, தலையைக் கலைத்துவிட்டு, பாட்டிலிலிருந்து துண்டில் கொஞ்சம் தெளித்துக்கொண்டார். வாசம் பட்டதும் அவருக்கே குமட்டியது. வேப்பமரத்தடியில் நைலான் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

கார் வந்து நின்றது. இறங்கியவள் பிரேமலதா என்று தன் பெயரைச் சொன்னாள். சென்னைக்காரி, முப்பது வயது இருக்கும். பானுவிடம் சிரித்துப் பேசிவிட்டு, நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

“ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?”

“பேசுங்கம்மா” என்று எழுந்து நின்றார். குடிகாரன் எழுந்து நிற்பானா என்று சந்தேகம் வந்து உட்கார்ந்தார். மரியாதைக் குறைவாகப் பட்டது. மறுபடி எழுந்தார்.

“உட்காருங்க, பரவாயில்லை. உங்களைக் குறை சொல்ல வரலை. இந்தப் பழக்கம் எவ்வளவு நாளா இருக்கு?”

இதை அவர் யோசித்து வைக்கவில்லை.

“நேத்துல இருந்தும்மா” என்றார்.

“நேத்துல இருந்தா?”

“இல்ல, முன்னாடியே உண்டு. நேத்து கொஞ்சம் சாஸ்தி.”

அடுப்படியில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

பிரேமலதா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டாள். “பானுவோட புத்தகத்தையெல்லாம் நீங்க அடுப்புல போட்டு எரிச்சதா எழுதியிருக்கா. அதுக்கப்புறம் அப்படி எதுவும் நடக்கலையே?”

மாயகிருஷ்ணன் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

“புத்தகத்தயா?” என்றார். “நான் அடுப்புலயா போட்டேன்?”

குடிகாரன் வேஷத்துக்குத்தான் அவர் சம்மதித்திருந்தார். இது அவர் போட்ட வேஷம் இல்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் கோவில்பட்டிக்குப் போய்ப் பழுப்புத்தாள் வாங்கிவந்து, மூலை மடங்காமல் அட்டை போட்டு, பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டுகிறவர் அவர். முகம் சிறுத்துப் போயிற்று. கட்டில் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் பானு அழுதுவிட்டாள்.

“பொய் மேடம். எல்லாமே பொய். எங்கப்பா குடிக்க மாட்டாவ. கலர்தான் குடிப்பாவ. என் புத்தகத்துக்கு அவியதான் அட்டை போட்டுத் தருவாவ. எங்க வீட்ல ஒரு கஷ்டமும் இல்ல மேடம். என்ன எழுதன்னு தெரியாம எழுதிட்டேன். அனுப்பின அன்னைலேர்ந்து அப்பா மூஞ்சியப் பாத்து என்னால சாப்பிட முடியல.”

பிரேமலதா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்துத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் மோர் இருந்தது.

“அவியளுக்கு மோரு குடிச்சாலே தூக்கம் வந்துரும்மா” என்று சொல்லி அவளிடம் டம்ளரை நீட்டினாள்.

பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தபோது முகம் மாறியிருந்தது. “நான் இங்க கேட்டதை அப்படியே எழுதித்தான் ஆகணும் பானு. எனக்கு வேற வழியில்லை.”

“எழுதுங்க மேடம்.”

“அம்மா, தப்பு என் மேலதாம்மா” என்று மாயகிருஷ்ணன் எழுந்தார். “நாந்தான் எழுதச் சொன்னேன். பிள்ளைய விட்ருங்க.”

“அது தெரியுதுங்க ஐயா. ஆனா எழுதினது அவதானே.”

முத்துத்தாய் அவளைச் சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டுக் கிளம்பும்போது, அடுத்த வருஷம் புதிதாக மனுப் போடத் தடையில்லை என்று பிரேமலதா சொன்னாள். பிறகு கார் கதவில் சாய்ந்துகொண்டு, ஏன் வரலாறு படிக்க ஆசைப்படுகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டாள். பானு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தவள், கொஞ்ச நேரத்தில் அழுததையே மறந்துவிட்டு, பாஞ்சாலங்குறிச்சி ஜன்னலைப் பற்றியும், இடிந்துபோன அரண்மனையில் யார் எங்கே சமைத்திருப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பது பற்றியும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். டிரைவர் இரண்டு தரம் மணி பார்த்தார். வேப்பமரத்தடியிலிருந்து மாயகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறாள் என்று காதில் விழவில்லை. கை ஆடுவது மட்டும் தெரிந்தது.

பரீட்சைக்கு முன்னால் பதில் வந்தது. அவள் மனு அந்த வருஷத்துக்கு ரத்து. இரண்டே வரி. பானு படித்துவிட்டுப் போனை வைத்தாள், பாடப் புத்தகத்தை எடுத்தாள். அழவில்லை.

மாயகிருஷ்ணன்தான் சரியாகவில்லை. வழக்கம்போல பஸ்ஸுக்குக் கொண்டுவிட்டார், வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பானு தூக்குச்சட்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்விட்டாள். கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கால் சிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்துபோய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏம்ப்பா பேச மாட்டுக்கீய?”

“பேசிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“யெப்பா.”

அவர் ஒரு கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினார். “குடிகாரன்னு சொன்னா ஊரு சிரிக்கும், போயிரும். புத்தகத்த எரிச்சவன்னு சொன்னது…”

“குடிகாரன்னு மட்டும் எழுதினா அழுத்தம் பத்தாதுன்னு நெனச்சேன். எழுத எழுத கை அதுபாட்டுக்குப் போயிட்டுப்பா.”

அவர் விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

“எரிக்கும்போது நான் என்ன சொன்னேன்னு எழுதின?” என்றார்.

பானு தயங்கினாள். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு சொல்லி, மீசைய முறுக்குனீங்க.”

அவர் மீசை இல்லாத உதட்டைத் தடவிப் பார்த்தார். “எந்த ஊர்க்காரன்டீ அவன்?” என்றார்.

பானுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவும் அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மந்தையின் முன்னத்தி ஆடு மேய்ச்சலை நிறுத்திவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

அந்த ஜூன் மாதம் பானு கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வரலாறு சேர்ந்தாள். மாயகிருஷ்ணன் பழுப்புத்தாளும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தார். காலேஜில் யாரும் புத்தகத்துக்கு அட்டை போட மாட்டார்கள் என்று முத்துத்தாய் சொன்னாள். பானு பசையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

கார்த்திகையில் மறுபடி மனுப் போட்டாள். இந்தத் தடவை ஹரிஹரசுதன் கேட்டபோது, “எங்க வீட்ல சோதனை ஒண்ணும் இல்லண்ணா, எனக்குச் சந்தேகம்தான் நெறைய இருக்கு, அத எழுதுதேன்” என்றாள். அவனும், போன வருஷம் தான் கேட்ட கேள்விகளே தப்பு என்று சொல்லி, எழுதியதில் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துக் கொடுத்தான். போன் நேர்முகம் நடந்தபோது மாயகிருஷ்ணன் ஆடுகளை வெகுதூரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் இருந்தால் ஏதாவது உதவி செய்துவிடுவோம் என்று பயம்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் கிடாய்களுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சந்தை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

“யெப்பா, கெடச்சிட்டு!”

“என்னது?”

“கெடச்சிட்டுப்பா!”

“செவல மறியா? எங்கன நின்னுச்சு?” அன்று காலையில் கிடையிலிருந்து ஒரு செவலைப் பெண்ணாடு தப்பிப் போயிருந்தது. தேட நேரமில்லாமல் சந்தைக்கு வந்திருந்தார்.

“ஆடு இல்லப்பா! டெல்லி! டெல்லி கெடச்சிட்டு! எல்லாச் செலவும் அவியளே பாத்துக்கிடுவாவளாம்!”

மாயகிருஷ்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். கூட வந்திருந்த சோலைராஜ் பிடுங்கிக் கேட்டான். கேட்டவன், “எங்கண்ணாச்சி மவ டெல்லிக்குப் படிக்கப் போறாவே!” என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினான். முன்பின் தெரியாத யாவாரிகளெல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். கிடாய் யாருக்குப் போயிற்று என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேனில் திரும்பும்போது, “டெல்லி எம்புட்டுத் தூரம் அண்ணாச்சி?” என்று சோலைராஜ் கேட்டான்.

“ரயில்ல ரெண்டு நாளாம்டே” என்றார். வீடு வரும்வரை வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் முத்துத்தாய் அழுது முடித்து, குளிருக்கு என்ன கொடுத்துவிடுவது என்பதில் வந்து நின்றாள். கம்பளி வேண்டும் என்றாள். போய்ச் சேருகிற ஆடி மாதம் அங்கே வெயில் கொளுத்தும் என்றாள் பானு. இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாயகிருஷ்ணன் உள்ளே வந்தார். மகள் தலையில் கை வைத்தார், எடுத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

“என்னப்பா, ஒண்ணுமே சொல்ல மாட்டுக்கீய?” என்று பானு பின்னாலேயே வந்தாள்.

“செவல மறிய இன்னும் காணல” என்றார்.

பானு அவர் முகத்தைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். “வாங்க, தேடுவோம்.”

வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஓடைப் பக்கம் ஆளுக்கொரு கரையாக நடந்து குரல் கொடுத்தார்கள். அவர் ஒரு தரம், அவள் ஒரு தரம். கருவேலம் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. செவலை, கயிற்றை முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றது. பானு குனிந்து முள்ளை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கன போயும் இப்படித்தான் கேள்வி கேட்டு எல்லாரையும் நிக்க வைப்பியா?” என்றார்.

“போன அன்னைக்கே ஆரம்பிச்சிருவேன்.”

“ஆரம்பி” என்றார் மாயகிருஷ்ணன். “விடாத.”